ஒளியும் நிலமும்: கன்சோல்வழி உருவாக்கமும் கணினி விளையாட்டுகளின் புதுமையாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

கன்சோல்களை மனத்திற்கொண்டு உருவாக்கப்படுவதால் கணினி விளையாட்டுகளின் வரைகலைத் தரம் தாழ்கிறது என்பது கணினி விளையாட்டாளர்களிடையே இருபதாண்டுகளாக நிலவும் குறைபாட்டுரை. டியூஸ் எக்ஸ், மாரோவிண்ட், ஆப்ளிவியன், கிரைசிஸ் ஆகிய படைப்புகளை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை அக்கருத்தை மதிப்பிடுகிறது. கன்சோலின் வரையறுத்த நினைவகத்தில் வரைகலை பெரும்பாலும் தன் பங்கைப் பெற்றுவிடுகிறது. இழப்புக்கு உள்ளாவன விளையாட்டின் நிலப்பரப்பும் அந்நிலத்தில் நிகழத்தக்க செயல்களுமே என்பது இதன் மையக் கருத்தாகும்.

குறிச்சொற்கள்: கணினி விளையாட்டு, கன்சோல், வரைகலை, நினைவகம், முதற்பொருள், திறனாய்வு.

முன்னுரை

நிகழ்பட விளையாட்டுகளைப் பற்றிய திறனாய்வில் வரைகலைக்குத் தனி இடம் உண்டு. ஒரு விளையாட்டு வெளிவந்தவுடன் அதன் நிழல்கள், நீர்ப்பரப்பு, முகங்களின் நுணுக்கம் ஆகியவை கணினியிலும் கன்சோலிலும் பக்கம்பக்கமாக வைத்து ஒப்பிடப்படுகின்றன. கணினிப் பதிப்பு தன் பொறியின் ஆற்றலுக்கேற்ப ஒளிரவில்லையாயின், அதற்குக் கன்சோலே காரணம் எனத் தீர்ப்பும் வழங்கப்படுகிறது. இத்தீர்ப்பில் உண்மை உண்டு. ஆயினும் அது பிழையான இடத்தில் இழப்பைத் தேடுகிறது.

இழப்பு நிகழ்ந்த இடத்தைக் காண்பதற்குத் தமிழ்ப் பொருளிலக்கணத்தின் பகுப்பு ஒன்று துணைசெய்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிர்களும் பொருள்களும் கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். பாடலின் உயிர் உரிப்பொருளே எனினும், அது நிலத்தின்மீதும் கருவின்மீதுமே நிற்கிறது. விளையாட்டுக்கும் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். விளையாட்டாளர் நடமாடும் வெளி அதன் முதல்; அதிலுள்ள மாந்தரும் கருவிகளும் அதன் கரு; விளையாட்டாளர் அங்குச் செய்யக்கூடியன அதன் உரி. வரைகலை என்பது இம்மூன்றின்மேலும் விழும் ஒளி. ஒளி குறைந்தாலும் நிலம் நிற்கும். நிலம் குறைந்தால் ஒழுக்கமும் குறையும்.

நிலைத்த பொறியும் வளரும் பொறியும்

கன்சோல் ஒருமுறை வரையறுக்கப்பட்டபின் பல்லாண்டுகள் மாறாதது. 2005 நவம்பரில் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் செயலியும் வரைகலைச் செயலியும் பகிர்ந்துகொள்ளும் 512 மெகாபைட் நினைவகம் இருந்தது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3, அதே அளவை 256, 256 என இரு கூறுகளாகப் பிரித்து வைத்திருந்தது. இவற்றின் அடுத்த தலைமுறைக் கன்சோல்கள் 2013 நவம்பரில்தான் வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் கணினியின் நினைவகம் பலமடங்கு பெருகியது. எனினும் மூன்று பொறிகளுக்கும் ஒருசேர எழுதப்பட்ட விளையாட்டு, அந்த 512 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டியதாயிற்று.

ஒரு விளையாட்டின் கூறுகளுள் சில பொறிக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் தக்கவை. திரைப் பிரிதிறன், நிழலின் கூர்மை, மேற்பரப்புப் படங்களின் நுணுக்கம், ஒரு நொடிக்கு வரையப்படும் சட்டகங்களின் எண்ணிக்கை ஆகியவை இவ்வகையின. கணினிப் பயனர் இவற்றை அமைப்புப் பட்டியலிலேயே மாற்றிக்கொள்கிறார். வேறு சில அவ்வாறு மாற்றத்தக்கவை அல்ல. ஒரு தீவின் பரப்பு, ஒரு கட்டடத்துக்குள் நுழையும் வழிகளின் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் இயங்கும் மாந்தரின் தொகை, கதையின் பணிகள் ஆகியவை ஒருமுறை தீர்மானிக்கப்பட்டால் எல்லாப் பொறிகளுக்கும் அதுவே வடிவம். எனவே, மிகக் குறைந்த ஆற்றலுடைய பொறியின் எல்லை முதல்வகையில் ஓரளவும் இரண்டாம்வகையில் முழுமையாகவும் கணினிக்கு வந்துசேர்கிறது.

டியூஸ் எக்ஸ்: ஒரு தீவின் சுருக்கம்

வாரன் ஸ்பெக்டர் தலைமையில் அயன் ஸ்டார்ம் நிறுவனத்தின் ஆஸ்டின் கிளை உருவாக்கிய டியூஸ் எக்ஸ் 2000ஆம் ஆண்டு கணினிக்கென வெளிவந்தது. அதன் வரைகலை அன்றைய அளவிலேயே எளியது. முகங்கள் கோணலும் மாணலுமானவை. ஆயினும் அதன் முதற்களமாகிய லிபர்ட்டி தீவு இன்றும் பேசப்படுகிறது. விளையாட்டாளர் படகுத்துறையில் இறங்குகிறார். எங்கும் காவலர் திரியும் தீவு முழுவதும் அவர்முன் விரிகிறது. மறுபுறத் துறைக்குச் சென்று தகவலாளி ஒருவரிடம் திறவுகோல் பெற்றுச் சிலையின் முன்வாயிலைத் திறக்கலாம், பின்புறம் அடுக்கிக் கிடக்கும் பெட்டிகளின்மேல் ஏறியும் செல்லலாம், எதிர்ப்படுவோருடன் போரிடலாம், எவர் கண்ணிலும் படாமல் கடக்கலாம். தெரிவின் பன்மை தீவின் விரிவிலிருந்தே பிறக்கிறது.

இவ்விளையாட்டு 2002இல் பிளேஸ்டேஷன் 2 கன்சோலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அக்கன்சோலின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட்டே ஆதலால் களங்கள் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. முன்பே முற்றுப்பெற்றுவிட்ட கணினிப் பதிப்பை அப்பிரிவு தொடவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது.

2003 டிசம்பரில் வந்த தொடர்ச்சியான இன்விசிபிள் வார், ஹார்வி ஸ்மித் இயக்கத்தில் கணினிக்கும் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கும் ஒருங்கே உருவாக்கப்பட்டது. எக்ஸ்பாக்ஸின் மொத்த நினைவகம் 64 மெகாபைட். இம்முறை பிரிவு வடிவமைப்பிலேயே அமைந்தது. நகரங்கள் சில கூடங்களும் குறுந்தெருக்களுமாகச் சுருங்கின. பகுதிக்குப் பகுதி ஏற்றுதிரை குறுக்கிட்டது. முன்னைய விளையாட்டின் திறன் வளர்ச்சி முறை நீக்கப்பட்டது. எல்லாப் படைக்கலங்களுக்கும் ஒரேவகை வெடிபொருள் என்றானது. இறுதிக் களமாக லிபர்ட்டி தீவே மீண்டும் வருகிறது. முதல் விளையாட்டில் தெரிவுகளை ஈன்ற அந்த விரிவு அதில் இல்லை.

இன்விசிபிள் வார் வரைகலையில் பின்தங்கிய படைப்பு அன்று என்பதையும் சேர்த்துக் காணவேண்டும். விளக்கு அசைந்தால் நிழலும் உடன் அசையும் இயங்கொளி, பொருள்கள் எடையோடு விழும் இயற்பியல் ஆகியவை அதில் இருந்தன. முதல் விளையாட்டில் இவை இல்லை. ஒளி கூடியது, நிலம் குறைந்தது. கன்சோலால் வரைகலை நலிந்தது என்னும் பொதுக்கூற்றை இச்சான்று ஏறத்தாழத் தலைகீழாக்குகிறது.

மாரோவிண்ட் தரும் எதிர்ச்சான்று

நினைவகக் குறைவே நிலக்குறைவுக்குப் போதிய காரணம் எனக் கொள்ளவும் தடையுண்டு. பெதெஸ்டா நிறுவனத்தின் மாரோவிண்ட் 2002இல் கணினிக்கும் அதே 64 மெகாபைட் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது. அதில் பால்மோரா போன்ற நகரத்துக்குள் ஏற்றுதிரை எதுவுமின்றி வயல்வெளியிலிருந்து நடந்தே செல்லலாம். நான்காண்டுகளுக்குப்பின் வந்த ஆப்ளிவியன், எக்ஸ்பாக்ஸைவிட எட்டுமடங்கு நினைவகமுடைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலையும் கணினியையும் கருதி உருவானது. அதில் நகரங்கள் மதிலுக்குள் தனித்து ஏற்றப்பட்டன. தலைநகரம் வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்தது. நினைவகம் எட்டுமடங்கு பெருகியபின் நகரவாயில்கள் அடைபட்டது ஏன்?

விடை வரைகலையின் பங்கில் உள்ளது. ஆப்ளிவியன் அடர்காடுகளையும் உயர்நுட்ப ஒளியமைப்பையும் நுணுக்கமான மேற்பரப்புப் படங்களையும் முன்வைத்து வெளிவந்த படைப்பு. நினைவகம் ஒரு பொதுக்களஞ்சியம். ஒளிக்கு அளந்தது போக எஞ்சியதே நிலத்துக்கும் மாந்தருக்கும். வளரும் பொறியாகிய கணினியில் களஞ்சியம் பெருகிக்கொண்டே இருக்கும். நிலைத்த பொறியில் பங்கீட்டுப் போட்டி கடுமையாகிறது. அப்போட்டியில் விளம்பரப் படத்தில் காட்டத்தக்க ஒளி வெல்வதும், காட்ட இயலாத வெளி தோற்பதும் இயல்பே.

இத்தோல்வி உரிப்பொருளையும் தொடுகிறது. மாரோவிண்டில் மந்திரத்தால் வானில் மிதக்கலாம். டெல்வானி மந்திரவாதிகளின் கோபுரங்களில் படிகளே இல்லாத செங்குத்துக் குழாய்கள் உண்டு. மிதக்கத் தெரியாதவர் மேலே செல்ல இயலாது. கட்டடமே அங்கு வாழ்வோரின் செருக்கைச் சொல்லிவிடுகிறது. ஆப்ளிவியனில் மிதக்கும் மந்திரம் இல்லை. மதிலுக்கு உட்பட்ட நகரம் வேறொரு களமாக ஏற்றப்படும்போது, மதிலுக்கு மேலாகப் பறப்பவர் உண்மையான நகரத்தைக் காணமாட்டார். எனவே நிலம் பிரிந்ததும் பறத்தல் என்னும் செயல் உலகிலிருந்தே நீங்கியது; படியில்லாக் கோபுரத்தைக் கட்டும் கற்பனையும் அதனோடு நீங்கியது.

கிரைசிஸ்: திரும்பிய ஒளி, திரும்பாத நிலம்

கிரைடெக் நிறுவனத்தின் கிரைசிஸ் 2007 நவம்பரில் கணினிக்கு மட்டும் வெளிவந்தது. அக்காலத்தின் விலையுயர்ந்த கணினிகளும் அதன் உச்ச அமைப்பில் திணறின. அது வரைகலையின் உச்சமாக மட்டுமே நினைவுகூரப்படுவது ஒருபக்கப் பார்வை. காடடர்ந்த தீவில் பகைவர் முகாமை எத்திசையிலிருந்து அணுகுவது என்பது விளையாட்டாளரின் முடிவு. வலிமை, விரைவு, கவசம், மறைவு என நான்கு நிலைகளையுடைய உடை அவருக்கு உண்டு. மறைந்து சென்று கூரையைப் பெயர்க்கலாம். விரைந்தோடிக் கடற்கரை வழியாகத் தப்பலாம்.

2008இல் நிறுவனத் தலைவர் செவாத் யெர்லி, திருட்டுப்படிகளின் பெருக்கத்தைச் சுட்டி, கணினிக்கு மட்டுமான படைப்புகளை இனி மேற்கொள்ளப்போவதில்லை என அறிவித்தார். 2011 மார்ச்சில் மூன்று பொறிகளுக்கும் ஒருங்கே வந்த கிரைசிஸ் 2, தீவை விட்டு நியூயார்க் நகருக்குச் சென்றது. தெருக்களும் இடிபாடுகளும் பாதையை வரையறுத்தன. உடையின் நிலைகளுள் கவசமும் மறைவும் மட்டுமே தனித் தெரிவுகளாக எஞ்சின. இரண்டு நிலைகளை இரண்டு பொத்தான்களில் இயக்கும் அமைப்பு கேம்பேடின் விரல்நிலைக்கு இயைந்தது. உயரமும் தாழ்வுமாக அடுக்கப்பட்ட அதன் போர்க்களங்கள் தம்மளவில் திறம்பட அமைந்தவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அவற்றை அணுகும் திசை பெரும்பாலும் ஒன்றே.

இவ்விளையாட்டின் கணினிப் பதிப்பு, விண்டோஸ் 7 உடன் 2009இலேயே வந்துவிட்ட டைரக்ட்எக்ஸ் 11 வசதியின்றி, முந்தைய டைரக்ட்எக்ஸ் 9 கொண்டே வெளியானது. கணினிப் பயனர்களின் சினம் முழுவதும் இதன்மேல் திரும்பியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் டைரக்ட்எக்ஸ் 11 வசதியும் உயர்பிரிதிறன் மேற்பரப்புப் படங்களும் இலவச இணைப்பாக வந்தன, சினம் தணிந்தது. மூன்று மாதங்களில் ஒளி திரும்பிவிட்டது. நான்குநிலை உடையையும் எத்திசையும் திறந்த தீவையும் எந்த இணைப்பும் திருப்பித் தரவில்லை, கேட்டவரும் சிலரே. இந்நிகழ்வு விளையாட்டாளர்களின் மதிப்பீட்டுப் பழக்கத்தையே காட்டிக்கொடுக்கிறது எனலாம்.

2012இல் கணினிக்கு வந்த டார்க் சோல்ஸ் இதே பாடத்தை வேறுவழியில் உணர்த்துகிறது. அதன் உட்பிரிதிறன் 1024க்கு 720 எனப் பூட்டப்பட்டிருந்தது. வெளியான சிறுபொழுதிலேயே ஆர்வலர் ஒருவர் எழுதிய சிறுநிரல் அப்பூட்டைத் திறந்தது. கன்சோல் விட்டுச்சென்ற வரைகலைக் குறையைக் கணினி தானே ஆற்றிக்கொள்ளும் வல்லமை உடையது.

கன்சோல் அளித்த கொடைகள்

மறுபக்கத்தையும் எடைபோடுதல் நடுநிலைத் திறனாய்வின் கடமை. கணினி வரைகலையின் அடிப்படை மாற்றங்கள் சில கன்சோலில் முதலில் தோன்றின. வரைகலைச் செயலியின் கணிப்பலகுகளை எல்லாப் பணிகளுக்கும் பொதுவாக்கும் ஒருங்கிணைந்த அமைப்பு 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் வந்தது. கணினிக்கு அது என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8800 வழியாக 2006 நவம்பரில்தான் வந்தது. அதே கன்சோலின் மூன்று உட்கருச் செயலியும் பிளேஸ்டேஷன் 3இன் செல் செயலியும் நிரலைப் பல இழைகளாகப் பிரித்தெழுத நிரலாளரை வற்புறுத்தின. கணினிக்கென்றே எழுதப்பட்ட கிரைசிஸ் ஒற்றை இழையின் வேகத்தைப் பெரிதும் நம்பியிருந்தமையால் பிற்காலப் பல்கருக் கணினிகளிலும் தடுமாறியது என்பதை ஒப்பிட்டால் இவ்வற்புறுத்தலின் பயன் விளங்கும்.

கன்சோலில் நிரலாளர் வன்பொருளை நேரடியாகக் கையாளலாம். அவ்வசதியைக் கணினிக்கும் தரும் நோக்குடன் ஏஎம்டி நிறுவனம் 2013இல் மாண்டில் என்னும் இடைமுகத்தை அறிவித்தது. அதன் அடித்தளத்தில் 2016இல் வல்கன் உருவானது. பிளேஸ்டேஷன் 5 நொடிக்கு 5.5 கிகாபைட் படிக்கும் திண்மநிலைச் சேமிப்பகத்தை 2020இல் எல்லாப் பயனருக்கும் பொதுவாக்கியது. கணினியில் அத்தகு சேமிப்பகங்கள் முன்பே இருந்தன. ஆனால் எல்லாரிடமும் இல்லாத ஒன்றை நம்பி ஒரு களத்தை வடிவமைக்க எவரும் துணியவில்லை. ஏற்றுதிரையை நீக்கி நிலத்தை மீண்டும் இணைக்கும் வாய்ப்பை இவ்வகையில் கன்சோலே திறந்துவைத்தது.

தரைமட்டம் யாருடையது

கன்சோல் இல்லையேல் கணினி விளையாட்டுகள் உச்சப் பொறிக்கென எழுதப்படும் என்னும் எதிர்பார்ப்பும் ஆராயத்தக்கது. ஸ்டீம் தளத்தின் வன்பொருள் கணக்கெடுப்பில் 2016இல் வந்த இடைநிலை வரைகலை அட்டையான ஜிடிஎக்ஸ் 1060 பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. பிளேஸ்டேஷன் 5 வெளிவந்த 2020 இறுதியிலும் அதுவே முதலிடம். அக்கன்சோலின் வரைகலைக் கணிப்பாற்றல் சுமார் 10 டெராஃபிளாப். அவ்வட்டையினது அதில் பாதிக்கும் குறைவு. அந்தப் பொழுதில் பின்னிழுத்த பொறி பெரும்பான்மையோரின் கணினியே ஆகும். கன்சோலுக்காக வகுத்த எல்லை, புதிய அட்டை வாங்க இயலாத கணினிப் பயனருக்கு ஆண்டுகள் பலவாகக் காப்பாகவும் இருந்துவந்தது.

பொருளாதாரமும் இதனோடு பிணைந்துள்ளது. 2015இல் தி விட்சர் 3 வெளியானபோது, முன்னோட்டப் படங்களைவிட அதன் வரைகலை தாழ்ந்துள்ளதெனக் கணினிப் பயனர்கள் குறைகூறினர். கன்சோல் விற்பனை இல்லாவிடில் அத்தகைய விளையாட்டே உருவாகியிராது எனும் பொருள்பட அதன் தயாரிப்பு நிறுவனத்தின் இணைநிறுவனர் மார்சின் இவின்ஸ்கி விடையளித்தார். அவ்விளையாட்டின் பரந்த நாட்டுப்புறங்களைக் கருதினால் இவ்விடை புறந்தள்ளத்தக்கதன்று. நிலத்தை வாங்கும் பொருளும் சிலவேளை கன்சோலிலிருந்தே வருகிறது.

புதுவகைகள் பிறக்குமிடம்

புதுமை என்பது புதிய ஒளியா, புதிய ஒழுக்கமா? இரண்டாவதே எனின், அண்மைக் காலத்தின் பெரும் புதுவகைகள் தோன்றிய இடம் கவனத்துக்குரியது. கவுண்டர் ஸ்ட்ரைக், ஹாஃப் லைஃப் விளையாட்டைப் பயனர்கள் திருத்தியமைத்ததில் பிறந்தது. டோட்டா, வார்கிராஃப்ட் 3இன் களவரைவியில் வளர்ந்தது. 2012இல் டீன் ஹால் உருவாக்கிய டேஇசட், ஆர்மா 2 என்னும் கணினிக்கு மட்டுமான போர்ப் பாவனையின் திருத்தம். அதன் செர்னாரஸ் நிலம் ஏறத்தாழ 225 சதுர கிலோமீட்டர். அவ்வளவு வெளியில் பசியோடு தனித்தலையும் ஒருவர், தொலைவில் மற்றொரு மனிதரைக் கண்டு அஞ்சுவது புதியதோர் உரிப்பொருள். அதன் வழியில் பிரெண்டன் கிரீன் அமைத்த திருத்தங்களிலிருந்தே 2017இல் பப்ஜி வந்தது. கணினியில் முதலில், கன்சோலில் பின்னர். இவை எவையும் வரைகலையால் புகழ்பெற்றவை அல்ல. திறந்த பொறியும் அகன்ற நிலமும் கூடிய இடத்தில் அவை முளைத்தன. ஒப்புதல் பெற்ற நிரலையே இயக்கும் மூடிய கன்சோலில் அவற்றின் முதல் வடிவத்துக்கு இடமிருந்திராது.

வரிசைமுறையும் இங்கு முடிவு செய்கிறது. பால்டர்ஸ் கேட் 3, 2023 ஆகஸ்டில் கணினிக்கு முதலில் வந்தது. 10 கிகாபைட் நினைவகமுடைய எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலில் இருவர் திரைபகிர்ந்து ஆடும் வசதி அடங்கவில்லை. அதனால் எக்ஸ்பாக்ஸ் பதிப்பு டிசம்பர் வரை தாமதமாகி, அக்கன்சோலில் அவ்வசதி இன்றியே வந்தது. எல்லை அக்கன்சோலிலேயே நின்றுவிட்டது. கணினியின் உலகம் குறைக்கப்படவில்லை. 2002இல் டியூஸ் எக்ஸ் காட்டியதையே இது மீண்டும் காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவன மூன்று. ஒன்று, கன்சோல்வழி உருவாக்கத்தில் வரைகலை அடையும் இழப்பு பெரும்பாலும் ஈடுசெய்யத்தக்கது. நிலமும் செயலும் அடையும் இழப்பு ஈடுசெய்ய அரியது. இரண்டு, அவ்விழப்புக்குக் கன்சோலின் இருப்பு மட்டும் காரணமன்று. வரையறுத்த நினைவகத்தில் ஒளிக்கே முதற்பங்கு அளக்கும் வழக்கமும், எல்லாப் பொறிகளுக்கும் ஒரே நாளில் வெளியிடும் வணிக வரிசையும் உடன்காரணங்கள். மூன்று, நுட்ப அடித்தளத்தில் கணினி கன்சோலுக்குக் கடன்பட்டுள்ளது. விளையாட்டு வகைகளில் கன்சோல் கணினிக்குக் கடன்பட்டுள்ளது.

இவற்றால் திறனாய்வாளருக்கு ஒரு பணி எழுகிறது. நிழலின் கூர்மையை அளக்கும் கட்டுரைகள் நிறையவே உள்ளன. ஒரு களத்துக்குள் எத்தனை வழிகளில் நுழையலாம், ஏற்றுதிரை எங்கே குறுக்கிடுகிறது, முந்தைய விளையாட்டில் இயன்ற எச்செயல் இதில் இயலவில்லை என அளப்பவை மிகச் சில. மிதக்கும் மந்திரம் நீங்கியதை எந்த ஒப்பீட்டுப் படமும் காட்டாது. அதனைச் சொல்லவேண்டியது திறனாய்வே.